வீட்டிலே ஓர் அளவுகோல்

ஆம்பூரிலேனும் இராணிப்பேட்டையிலேனும் தோல் பதனிடும் சாலையொன்றினுள் நுழைந்து சிறிது நேரம் நின்று பார்த்தவர்கள் ஒரு காரியத்தைக் கவனித்திருப்பார்கள். அங்கே அளக்கப்படாத பொருள் ஒன்றுமில்லை. பச்சைத் தோல் வந்து இறங்கியவுடன் நிறுக்கப்படுகிறது. சுழலும் டிரம்களிலே இடப்படும் சுண்ணாம்பும் சாயமும், தோலின் எடையில் நூற்றுக்கு இத்தனை பங்கு என்று கணக்கிட்டே இடப்படுகின்றன. பதனிட்டு முடிந்த தோலின் கனத்தை மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு வரையில் கருவி வைத்துப் பார்க்கிறார்கள்; பரப்பை யந்திரத்தின் வழியே ஓட்டிச் சதுர அடிக் கணக்கிற் பதிந்துகொள்ளுகிறார்கள். அளவு பிசகினால் கப்பலேறிய சரக்கும் திரும்பிவிடும் என்னும் அச்சம் அவர்களுக்கு உண்டு. ஆட்டுத் தோலுக்கும் மாட்டுத் தோலுக்கும் இத்தனை அளவுகோல்களை வைத்திருக்கும் நம்மவர், அத்தோலைக் கையாளும் மனிதனின் சரீரத்துக்குள்ளே இரத்தம் எவ்வளவு அழுத்தத்துடன் ஓடுகிறது என்பதை அளந்தறியச் சிரத்தை கொள்ளுவதில்லை. யாரேனும் அளக்க வந்தாலும் ஒருமுறை கையை நீட்டிவிட்டு, அந்த எண்ணை அன்றைக்கே மறந்துவிடுகிறோம்.

இக்குறைக்கு யான் கூற விரும்பும் பரிகாரம் மிக எளியது. இரத்த அழுத்தத்தை வைத்தியசாலையில் எப்பொழுதோ ஒருமுறை அளந்து வருதல் போதாது. வீட்டிலேயே முறைப்படி அளந்து, ஓர் ஏட்டில் எழுதி, அவ்வேட்டை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுதல் வேண்டும். அப்பொறுப்பை வீட்டிலுள்ள படித்த பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். இது வைத்தியர்கள் எழுதவேண்டிய விஷயமாயிற்றே, தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். எழுதும்படி செய்தது என் குடும்பத்தில் நேர்ந்த ஒரு துன்பமேயாம்.

என் தமையனார் பேரணாம்பட்டுப் பக்கத்துத் தோல் சாலையொன்றில் இருபத்தாறு ஆண்டு வேலை செய்தவர். தலைவலி என்று படுத்தறியாதவர். ஒருமுறை தெருமுனையில் பந்தலிட்டு நடத்திய இலவச முகாமில் அவருடைய கையிற் பட்டை சுற்றி அளந்தார்கள். 170 என்று வந்ததாம். அளந்தவர் ஆஸ்பத்திரிக்குச் சென்று பார்த்துக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறார். தமையனாரோ வீட்டுக்கு வந்து, “வெயிலில் வேகமாக நடந்து போனேன், அதனால் ஏறியிருக்கும். எனக்கு ஒரு நோவும் இல்லையே!” என்று சிரித்துவிட்டார். நாங்களும் உடன் சிரித்தோம். மறு ஆண்டு பங்குனி மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் அவர் பல் துலக்கிக்கொண்டிருக்கையிலே வலக்கை சோர்ந்து விழுந்தது, வாய் கோணிற்று, பேச்சுக் குழறிற்று. உயிர் பிழைத்தார். ஆயினும், தோலைத் தடவிப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லிய அந்தக் கை இன்று சட்டைப் பொத்தானையும் போடவியலாமல் மடியிற் கிடக்கிறது.

அன்று அவர் சொன்ன சமாதானம் முழுப் பொய்யன்று என்பதுதான் இதில் விசேஷம். வெயிலில் வேகமாக நடந்தால் அழுத்தம் ஏறவே செய்யும். அந்த ஓர் எண்ணை நம்புவதா, தள்ளுவதா என்று தெரிந்துகொள்ளுவதற்கு மறுநாள் காலையில் வீட்டிலே அமைதியாக அமர்ந்து மீண்டும் அளந்திருந்தாற் போதும். மறுநாளும், அதற்கு மறுநாளும் அளந்திருந்தால் ஐயமே இராது. எங்கள் வீட்டில் அளவுகோல் இல்லை. அதனால் ஐயம் அவருக்குச் சாதகமாகத் தீர்க்கப்பட்டது. சரீரம் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளவில்லை.

இரத்தக் கொதிப்பு என்று நம் ஜனங்கள் அழைக்கும் இந்த வியாதியில் இரத்தம் ஒன்றும் கொதிப்பதில்லை. இருதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும்போது குழாய்களின் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். அது விரிந்து ஓய்வு கொள்ளும்போது மிஞ்சி நிற்பது கீழ் எண். இரண்டும் பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் உயருமோ அந்தக் கணக்கிற் சொல்லப்படுகின்றன. இவ்வழுத்தம் பல ஆண்டுகள் மிகுந்தே நிற்குமாயின், மூளையிலும் இருதயத்திலும் சிறுநீரகத்திலும் கண்ணிலுமுள்ள நுண்ணிய குழாய்கள் தடித்தும் தளர்ந்தும் கெடுகின்றன. கெடும்பொழுது பெரும்பாலும் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, தலைசுற்றலும் இல்லை. ஆகையால் “எனக்கு ஒரு நோவும் இல்லை” என்பது இந்த வியாதியின் விஷயத்தில் சுகத்துக்குச் சாட்சியாகாது.

இது எத்தனை பேரைப் பற்றிய காரியம் என்பதைச் சிறிது நினைத்துப் பார்த்தல் நலம். 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட கணக்கொன்று, வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மிகை அழுத்தம் இருக்கிறதென்று கண்டது. அப்படிப்பட்டவர்களில் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவே. அமெரிக்கக் குடியரசின் தலைவராயிருந்த ரூஸ்வெல்ட் 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபொழுது அவருடைய அழுத்தம் 300-க்கு 190 என்று குறிக்கப்பட்டது. அவர் அருகில் வைத்தியர் இருந்தார், அளவுகருவியும் இருந்தது, அழுத்தத்தைத் தணிக்கத்தக்க நல்ல மருந்துதான் அக்காலத்தில் இல்லை. நம்முடைய நிலைமை நேர்மாறானது. நாளொன்றுக்கு ஒரு சிறு மாத்திரையில் அடங்கக்கூடிய மருந்துகள் அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்திலே விலையின்றிக் கிடைக்கின்றன. அக்காலத்து வல்லரசின் தலைவருக்குக் கிட்டாத மருந்து இக்காலத்துத் தோல் தொழிலாளிக்குக் கிட்டுகிறது. ஆனால் அவனுக்கு அது வேண்டுமென்பதைச் சொல்லும் எண் அவனிடம் இல்லை.

இனி, வைத்தியசாலையில் அளப்பது போதாதோ என்னும் வினாவுக்கு வருவோம். அளக்கும் வித்தை ஒரே நாளில் வந்ததன்று. ஸ்தீவன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயர் ஒரு பெண் குதிரையின் நாடியிலே நீண்ட கண்ணாடிக் குழாயைச் செருகி, இரத்தம் எட்டடிக்கு மேல் எழும்பியதைக் கண்டு 1733-இல் வெளியிட்டார். 1896-இல் இத்தாலியரான ரீவா-ரோச்சி, புயத்தைச் சுற்றிக் காற்றடைக்கும் பட்டையை அமைத்துக் குத்தாமலே அளக்க வழி செய்தார். 1905-இல் ருஷிய வைத்தியர் கொரோட்காவ், பட்டைக்குக் கீழே குழாய் வைத்துக் கேட்டால் எழும் ஓசையைக்கொண்டு இரண்டு எண்களையும் குறிக்கலாமென்று காட்டினார். இவையெல்லாம் வைத்தியர் கையிலிருந்த வித்தைகள். 1940-இல் அமெரிக்காவில் ஐமன், கோல்ட்ஷைன் என்னும் இருவர் புதியதொன்று செய்தார்கள். கருவியை நோயாளிகளிடமே கொடுத்து வீட்டில் அளக்கச் செய்தார்கள். வீட்டில் எடுத்த எண்கள், மருத்துவ நிலையத்தில் எடுத்த எண்களைவிடத் தாழ்ந்திருக்கக் கண்டார்கள். வெள்ளை அங்கியைக் கண்டவுடன் சிலருக்கு நெஞ்சு படபடத்து அழுத்தம் ஏறிவிடுகிறது என்பதை இக்காலத்தில் வைத்தியர் எல்லோரும் அறிவர். இதற்கு எதிரிடையானவர்களும் உண்டு. அவர்களுக்கு வைத்தியர் முன்னிலையில் எண் ஒழுங்காக இருக்கும். வீட்டிலும் வேலைத்தலத்திலும் உயர்ந்திருக்கும். முன்னவருக்கு வேண்டாத மருந்து சேர்ந்துவிடக்கூடும். பின்னவருக்கு வேண்டிய மருந்து கிடையாமற் போகும். ஆபத்து பின்னவருக்கே மிகுதி.

இவ்விஷயத்தில் நமக்கு நல்ல பாடம் கற்பிப்பது ஜப்பான் தேசம். அத்தேசத்தின் வடகிழக்கிலுள்ள இவாத்தே மாகாணத்தில் ஒஹசாமா என்பது ஒரு சிற்றூர். உப்பிட்ட ஊறுகாய்களுக்கும் உப்பு மிகுந்த குழம்புகளுக்கும் பேர்போன பிரதேசம் அது. 1980-களின் பிற்பகுதியில் அவ்வூரார் வீடுகளில் அளவுகருவிகள் வைக்கப்பட்டன. உழவரும் முதியோரும் காலையில் எழுந்து தாமே அளந்து எழுதி வைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்துக் கணக்கைப் பார்த்தபோது, யாருக்கு மூளைத் தாக்கும் இருதய நோயும் வரும் என்பதைச் சுகாதாரப் பரிசோதனையில் எடுத்த எண்ணைக் காட்டிலும் வீட்டில் எடுத்த எண்ணே செம்மையாக முன்னறிவித்திருந்தது என்று தெரிந்தது. மருத்துவ நிலையத்தில் 140-க்கு 90 என்பது எல்லையாயின், வீட்டில் 135-க்கு 85 என்பதே எல்லை என்று இன்று பல நாட்டு வைத்திய சபைகள் கொண்டிருப்பதற்கு அவ்வூராருடைய ஏடுகளும் ஒரு காரணம். கல்லூரி காணாத கிராமத்தாரால் இது இயன்றதாயின், கலாசாலை மாணவரால் இயலாதென்று எப்படிச் சொல்லுவது?

தமையனார் விழுந்த பிறகே எங்கள் வீட்டிற்கு ஒரு கருவி வந்தது. அதை வாங்கியது என் தாயாருக்காக. அறுபத்தெட்டு வயதினர், ஒரு மாத்திரை உட்கொண்டு வருபவர். வைத்தியசாலையில் அவருக்கு 158-க்கு 92 என்று வந்தது. வைத்தியர் மற்றுமொரு மாத்திரை சேர்க்க எண்ணியவர், சற்று யோசித்து, “ஒரு வாரம் வீட்டில் அளந்துகொண்டு வாருங்கள், பிறகு பார்ப்போம்” என்றார். முதல் நாள் யான் செய்த அளவை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. அடுப்படியிலிருந்து அம்மாவை அழைத்து, நின்ற மூச்சோடு உட்காரவைத்து, ரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, “இன்று என்ன குழம்பு?” என்று பேச்சும் கொடுத்துக்கொண்டு அளந்தேன். 166 என்று வந்தது. வீடே கலங்கிற்று. பிறகு ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் முறையைக் கற்பித்தார். அம்முறைப்படி ஏழு நாள் அளந்து, முதல் நாளைத் தள்ளி, மற்றவற்றின் சராசரி கண்டோம். 128-க்கு 78. வைத்தியர் ஏட்டைப் பார்த்து, இருந்த மாத்திரையே போதுமென்று விட்டார்.

அவ்வாரத்தில் விளையாட்டாக என் கையையும் அளந்து பக்கத்திலே குறித்து வைத்திருந்தேன். எனக்கு ஒரு நோயும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் பார்த்த வைத்தியர் 132-க்கு 84 என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஏட்டைத் திருப்பிய வைத்தியர், “இந்த இரண்டாவது வரிசை யாருடையது?” என்று கேட்டார். என் சராசரி 146-க்கு 92 ஆக இருந்தது. தாயாருக்கு வைத்தியம் பார்க்கப் போனவன் நோயாளியாகத் திரும்பினேன். அன்று வருத்தமாயிருந்தது. இன்று தமையனாருடைய கையைப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்கு எத்தகைய நற்காலம் என்று உணருகிறேன்.

ஆகவே முறையைச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன். முறையின்றி அளப்பதினும் அளவாதிருத்தலே நன்று. கருவி, மேற்கையில் பட்டை சுற்றுவதாக இருத்தல் வேண்டும். மணிக்கட்டிற் கட்டுவது எளிதிற் பிழை காட்டும். பட்டை கையின் பருமனுக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். ஈரத்தோலைத் தூக்கித் தூக்கி உரமேறிய புயங்களையுடைய நம் தொழிலாளிகளுக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தத்தை இருப்பதாகக் காட்டும். முதல் நாள் இரு கைகளிலும் அளந்து, எண் மிகுந்த கையையே பின்னர்க் கொள்ளுதல் வேண்டும். காப்பி, தேநீர், பீடி, வெற்றிலையோடு சேர்க்கும் புகையிலை ஆகியவற்றுக்குப் பின் அரைமணி நேரமாவது கழியவேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்த நாற்காலியில் பாதங்களைத் தரையிற் பதித்து, காலின்மேற் காலிடாமல், ஐந்து நிமிஷம் வாளாவிருத்தல் வேண்டும். கையை மேசையின்மேல் வைத்துப் பட்டை இருதயத்தின் மட்டத்தில் இருக்கச் செய்க. கை ஓர் அங்குலம் தாழ்ந்தாலும் எண் இரண்டளவு ஏறிவிடும். துணியின்மேற் பட்டையைச் சுற்றலாகாது. அளக்கும்போது பேசலாகாது, பிறரும் பேச்சுக் கொடுக்கலாகாது.

காலையில் மாத்திரைக்கும் உணவுக்கும் முன்னே ஒரு நிமிஷ இடைவெளியில் இருமுறை. இரவு படுக்கைக்கு முன்னே அவ்வாறே இருமுறை. இப்படி ஏழு நாள் அளந்து, முதல் நாளை விட்டு, மற்ற 24 அளவுகளின் சராசரியைக் காண்க. இதற்கு நான்காம் வகுப்புக் கணக்குப் போதும். வந்த எண்ணை வந்தபடியே எழுதுக. நன்றாயிருப்பதை மட்டும் தெரிந்தெடுத்து எழுதுவது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். ஆண்டுக்கு ஒருமுறை கருவியை வைத்தியசாலைக்கு எடுத்துச்சென்று அங்குள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளுக. நாடித் துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் எல்லாக் கருவிகளும் பொருந்தா. அவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

இதனை ஆட்சேபிப்பவர் மூவகையினர். முதலாமவர், வீட்டில் கருவி இருந்தால் மனக்கலக்கமே மிகும் என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. என் நண்பர் ஒருவர் நாளொன்றுக்குப் பதினைந்து முறை அளந்து, எண் ஏறியதைக் கண்டு பயந்து, பயத்தினால் எண் மேலும் ஏறக் கண்டு உறக்கமிழந்தார். ஆனால் அது முறை தவறியதன் பயனேயன்றி அளந்ததன் பயனன்று. குறித்த வேளையில் மட்டும் அளந்து, வாரத்துச் சராசரியை மட்டும் பொருட்படுத்துகிறவனுக்குக் கலக்கம் குறையக் காண்கிறோம்.

இரண்டாமவர், ஜனங்கள் தாமே வைத்தியராகிவிடுவார்கள் என்று அஞ்சுவர். அவ்வச்சத்தை யான் மதிக்கிறேன். எண் தாழ்ந்ததென்று மாத்திரையை நிறுத்துவதும், ஏறியதென்று இரண்டாய் விழுங்குவதும், பக்கத்து வீட்டாருடைய மாத்திரையை வாங்கிப் போடுவதும் பெரும் பிழைகள். மாத்திரை உண்பதனாலேயே எண் தாழ்ந்தது என்பதை மறந்து நிறுத்தியவர் பலர் என் தமையனாருடைய பக்கத்துக் கட்டில்களிலே கிடந்தார்கள். அளப்பது நம் வேலை. தீர்ப்பது வைத்தியர் வேலை. ஒன்றுமட்டும் நாமே தீர்மானிக்கவேண்டியது: எண் 180-க்கு 120-ஐ எட்டி, அதனுடன் மார்பு வலியோ, மூச்சுத்திணறலோ, வாய்க்கோணலோ, பேச்சுக் குழறலோ, கைகால் சோர்வோ கண்டால் உடனே 108 வண்டியை அழைக்கவேண்டும். இக்குறிகள் தோன்றினால் எண் எதுவாயினும் ஆஸ்பத்திரிக்கே ஓடவேண்டும். குறி ஒன்றுமின்றி எண்மட்டும் அவ்வளவு உயர்ந்திருந்தால் ஐந்து நிமிஷம் இளைப்பாறி மீண்டும் அளந்து, இறங்காவிடில் தாமதமின்றி வைத்தியரைக் கண்டுகொள்ளுதல் வேண்டும்.

மூன்றாமவர் செலவைப் பற்றிச் சொல்லுவர். இவர்களுக்கு விடை சொல்லுவதே கடினம். நம்பத்தக்க கருவிக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய் ஆகலாம். நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. ஆயினும் தாலுகா ஆஸ்பத்திரியின் புறநோயாளர் வரிசையில் நிற்க ஒருநாள் போனால் ஒருநாட் கூலி போயிற்று என்பதையும், ஷூ கம்பெனிகளில் மேற்பாகம் தைக்கும் பெண்கள் பகல் முழுதும் தையல் யந்திரத்தை விட்டு எழுந்திருக்கமுடியாதவர்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வைத்தியசாலைக்குப் போக நேரமில்லாதவர்களுக்கே வீட்டில் அளவுகோல் மிகவும் வேண்டும். மேலும், ஒரு வீட்டுக்கு ஒரு கருவி என்ற கட்டாயமில்லை. ஐந்து குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கலாம். ஆளுக்கு ஏழு நாள் என்று முறைவைத்துக்கொண்டால் ஒரு கருவி ஒரு தெருவுக்கே போதும். கலியாணப் பாத்திரங்களையும் ஏணியையும் இரவல் கொடுத்து வாங்கும் நம் தெருக்களுக்கு இது புதிய வழக்கமா?

இங்கே உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. நம் பிரதேசத்தின் சரித்திரமே ஒருவகையில் உப்பின் சரித்திரம். உரித்த தோல் அழுகாதிருக்க அதன் எடையில் மூன்றிலொரு பங்கு, சிலவேளை அதற்கும் மேலான உப்பைத் தூவுகிறார்கள். அவ்வுப்பு பிறகு கழுவப்பட்டு எங்கோ போய்ச் சேரவேண்டும். பாலாற்றங்கரை நெடுகிலும் அது மண்ணிலும் கிணற்றிலும் சேர்ந்தது. ஓராண்டில் யாருக்கும் தெரியவில்லை, ஈராண்டில் தெரியவில்லை. இளநீர்போல் இருந்த கிணறுகள் கரித்த பின்பே ஜனங்கள் விழித்தார்கள். வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கத்தார் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அளித்த தீர்ப்பில், தோல் தொழிற் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ பயிரிடத் தகாததாகிவிட்டதென்று கூறப்பட்டிருக்கிறது. கெடுத்தவரே கேட்டுக்குப் பொறுப்பு என்னும் நியாயத்தை இந்நாட்டில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. ஆனால் தீர்ப்பு வந்தபோது நிலம் போய்விட்டது.

கிணற்றிலுள்ள உப்புத்தான் நம் கொதிப்புக்குக் காரணம் என்று வழக்காட யான் வரவில்லை. மெல்லச் சேரும் கேட்டை நாக்கு கண்டுபிடிக்கும் வரையில் காத்திருப்பது மதியீனம் என்பதே யான் அதிற் கற்ற பாடம். நம் சரீரத்திலும் அவ்வாறே நிகழுகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. அது ஒரு தேக்கரண்டிக்கும் சிறிது குறைவு. நம் வீட்டுக் கருவாடும், ஊறுகாயும், அப்பளமும், மோர் மிளகாயும், விருந்து நாளில் ஆம்பூர்ப் பிரியாணியும் அந்தக் கணக்கை எத்தனை முறை கடக்கின்றன என்று யார் பார்த்தார்? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது மெய்தான். உப்பு மிகுந்த பண்டமோ நம்மையே குப்பைக்கு அனுப்பிவிடும். தோலைக் காக்கும் உப்பு தோலுக்குள் இருப்பவனைக் காக்காது. சாப்பாட்டில் உப்பைக் குறைத்த ஒரு மாதத்துக்குப் பின் வீட்டுக் கருவியில் எண் இறங்கக் கண்டவன், பிறகு எந்த வைத்தியருடைய உபதேசத்துக்கும் காத்திரான்.

வைத்தியம் வீடு தேடிவருவது நம் ஊருக்குப் புதிதன்று. 1900-ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே படுக்கையோடு தொழில் தொடங்கிய ஐடா ஸ்கட்டர் அம்மையார், நோயாளிகள் வரட்டுமென்று காத்திராமல், பிற்காலத்தில் குடியாத்தம் சாலையிலே மரநிழல்களில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தார். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் “மக்களைத் தேடி மருத்துவம்” என்னும் அரசாங்கத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன்படி, பெண் தொண்டர்கள் அளவுகருவியைப் பையிலிட்டு வீடு வீடாகச் சென்று அழுத்தம் பார்த்தார்கள். மாத்திரைகளையும் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். நம் தெருக்களிலும் அவர்களைக் கண்டோம். மிக நல்ல காரியம். ஆயினும் அத்தொண்டர் மாதத்துக்கு ஒருமுறை வாசலில் நிற்கிறவர். மற்ற நாட்களில் வாசலுக்கு உள்ளே இருப்பவர் யார்? நாம்தான்.

மாணவ நண்பர்களே, உங்களிற் பலர் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் முதலிய ஊர்களிலிருந்து விடியற்காலையில் ரெயிலும் பஸ்ஸும் ஏறி வருகிறவர்கள். உங்கள் தந்தையார் தோலைக் கழுவியும் தாயார் ஷூ தைத்தும் ஈட்டிய பணமே உங்கள் சம்பளமாக இக்கலாசாலைக்கு வந்து சேருகிறது. அவர்கள் உங்களுடைய பரீட்சை எண்களை ஆவலோடு கேட்கிறார்கள். அவர்களுடைய எண்களை நீங்கள் எப்பொழுதாவது கேட்டதுண்டா? வருகிற விடுமுறையில் ஏழு நாள், காலையில் ஐந்து நிமிஷம், இரவில் ஐந்து நிமிஷம், அவர்களுடைய பக்கத்தில் வாய்பேசாமல் உட்கார்ந்து அளந்து எழுதுங்கள். அதற்குக் கருவி இல்லாதவர்களுக்காக நம் கலாசாலையிலே நாலைந்து கருவிகள் வாங்கி, புத்தகசாலையில் நூல்களை இரவல் கொடுப்பதுபோலவே கொடுத்து வாங்கவேண்டுமென்பது என் அபிப்பிராயம். பழைய மாணவர் சங்கத்தார் மனம் வைத்தால் இது ஒரு மாலைப்பொழுதில் முடியும் காரியம். கருவியோடு, முறையைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளும், கோடிட்ட சிறு ஏடொன்றும் சேர்த்துக் கொடுத்தல் நலம்.

என் தமையனார் இப்பொழுது தாமே இடக்கையால் கருவியின் பொத்தானை அமுக்கி அளந்துகொள்ளுகிறார். எழுத வராததால் எண்ணை வாய்விட்டுச் சொல்லுவார். அவருடைய இளைய மகள் எழுதிக்கொள்ளுவாள். சென்ற மாதத்துச் சராசரி 126-க்கு 80. “இதை அன்றைக்கே செய்திருக்கலாமே, தம்பி” என்று ஒருநாள் சொன்னார். எனக்கு விடை வரவில்லை. உங்கள் வீட்டில் யாரும் உங்களைப் பார்த்து அவ்வாறு சொல்ல நேராதிருக்கக்கடவது.